சின்ன டேங்கில் இருந்த ஈஸ்ட்

அந்த பீரின் ருசியைக் கெடுத்தவன் நான். அதை விலைக்கு வாங்கிய பெரிய கம்பெனி அல்ல.

நீங்களும் அதைக் குடித்திருக்கலாம். ஒரு வாய் குடித்து முகம் சுளித்து, லாபத்துக்காக எதையோ மாற்றிவிட்டான் என்று கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கலாம். பெங்களூர் ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்குப் பக்கத்து பாரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். "பெரிய கம்பெனி கை வெச்சா எதுனா உருப்படுமாப்பா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். எனக்கும் சேர்த்து ஒரு தட்டு கடலை சொன்னார்... அதையும் தின்றேன்.

என் பெயர் ஆரோக்கியம். கோலார் தங்கவயல் ஆள். பத்தாவது வரை படித்தேன். பீன்யா தொழிற்பேட்டையில் கிரீஷ் சார் சிறிய அளவில் பீர் காய்ச்சிய ஷெட்டில், ஆரம்பத்திலிருந்து டேங்க் கழுவுவது என் வேலை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கழுவுகிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதும் இல்லை.

அங்கே ஒரு சின்ன டேங்க் இருந்தது. சாருடைய ஈஸ்ட் அதில்தான் இருக்கும். ஒரு தடவை காய்ச்சி முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்டை எடுத்து, குளிர்ச்சியில் வைத்து, அடுத்த தடவைக்குப் போடுவோம். வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அதுவும் உயிர்தான்; சூடு பட்டால் செத்துவிடும். வருஷக்கணக்காக அப்படியே வந்ததால், அந்த ருசி வேறெங்கும் கிடையாது. கம்பெனிக்கு விற்கும்போது சார் ஒரே விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். இனி பீரை எங்கே காய்ச்சினாலும் இந்த ஈஸ்டில்தான் காய்ச்ச வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு.

பூஜைக்கு முதல்நாள் ஷெட் முழுக்கக் கழுவ வேண்டும். பீன்யாவில் எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அந்தக் கழுவல் என் பொறுப்பு. சின்ன டேங்கை மட்டும் வெளியே துடைத்து, சந்தனம் வைத்து விட்டுவிட வேண்டும். உள்ளே கைவைக்கக் கூடாது.

அந்த வருஷம் எனக்குள் ஒரே எரிச்சல். காசு இருந்தால் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடலாமா? வருகிறவர்கள் நம்மிடம் ஒரு அழுக்கைக்கூடச் சுட்டிக்காட்டக் கூடாது என்று, கொதிக்கிற தண்ணீரில் காஸ்டிக் சோடா கலந்து எல்லா பைப்பிலும் ஓட்டினேன். கூட வேலை செய்த மணி கேலி செய்தான். "இன்னாண்ணா, பொண்ணு பாக்க வராங்களா? இந்தத் தேய்ப்பு தேய்க்கிற."

சின்ன டேங்குக்குப் போகும் வால்வை நான் மூடவில்லை.

கடைசியில் அதைத் துடைக்கப் போனேன். எப்போதும் ஜில்லென்று இருக்கும் டேங்க் கையைச் சுட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சார் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? அவர் முகம் மாறுவதைப் பார்க்க முடியாது என்பதா? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன்.

மறுநாள் சார் அந்த டேங்குக்குத் தன் கையால் மாலை போட்டார். கண்ணை மூடி நின்றார். செத்துப்போனதற்கு மாலை விழுகிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

எல்லோரும் பொரியும் பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் டேங்கைக் காலி செய்து கழுவினேன். இன்னொரு வகை பீருக்காக ஃபிரிட்ஜில் இருந்த பாக்கெட் ஈஸ்டைக் கரைத்து, கேனில் நிரப்பினேன். மறுநாள் கம்பெனியிலிருந்து வந்த அம்மா கேனை ஐஸ் பெட்டியில் வைத்து, மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார். "கவலப்படாதீங்கண்ணா, பத்திரமா பாத்துக்கறோம்" என்றார்.

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன சொல் தவறவில்லை.

அவர்கள் காய்ச்சிய முதல் பாட்டிலை சார் குடித்தார். ஏமாற்றிவிட்டீர்கள் என்று சண்டை போட்டார். நீங்கள் கொடுத்த ஈஸ்ட்தான் என்று அவர்கள் சொன்னதை நம்பவில்லை. அங்கே அவருக்குத் தந்திருந்த பதவியை உதறிவிட்டு, என்னைத் தேடி வந்தார்.

"ஆரோக்கியம், கேன் ரொப்புனது நீங்கதானே?"

"ஆமா சார்."

"ஸ்வல்ப யோசிச்சு சொல்லுங்க. நம்ம ஈஸ்ட்தானே?"

"ஆமா சார்."

"போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிஜம் பேச நீங்க ஒரு ஆளாவது இருக்கீங்க."

எனக்கு எரிச்சல் தீரவில்லை. சட்டென்று கம்பெனியைத் திட்டுகிற உங்கள் மேல் எரிச்சல். விசாரிக்க வந்து, கழுவுகிறவன்தானே என்று என்னைத் தாண்டிப் போன கம்பெனி அதிகாரிகள் மேல் எரிச்சல். ஒரு ஆளாவது என்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? இப்போது அதே கம்பெனியில்தான் டேங்க் கழுவுகிறேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது.

போன வாரம் சார் போன் செய்தார். குரலில் பழைய உற்சாகம்.

"திரும்ப ஆரம்பிக்கிறேன் ஆரோக்கியம். சின்னதா. பழைய ஈஸ்ட்ல கொஞ்சம், பாட்டில்ல கீட்டில்ல, எங்கயாவது எடுத்து வெச்சிருக்கீங்களா? நீங்க எதையும் தூக்கிப் போடற ஆள் இல்லையே..."

வாயைத் திறந்தேன். இந்த முறை சொல்லிவிடுவேன் என்று நானே நம்பினேன்.

"தேடிப் பாக்கறேன் சார்" என்றேன்.

நேற்றும் போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்... தானாக நின்றது.