அவிழ்க்காத கட்டுமரம்

அழுகல்தான் என் பிழைப்பு. செத்த மரத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சை இறங்கும். இறங்கிய வழியெல்லாம் மையால் இழுத்தது மாதிரி கருப்புக் கோடு விழும். அந்தக் கட்டையைக் கடைந்து பேனா செய்கிறேன். பழவேற்காட்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப்போகிறார்கள். செத்தவரைப் பார்க்க வந்து செத்த மரத்தோடு போகிறார்கள் என்று கிண்டல் செய்வேன். அக்கா வீட்டில் மட்டும் அந்தக் கிண்டல் வாயில் வராது.

அக்காவின் கணவர் கடலுக்குப் போன அன்று கட்டுமரம் மட்டும் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்துக் காயப்போடுவது எங்கள் வழக்கம். அக்கா ஒருவரையும் தொடவிடவில்லை.

"கட்டனவரு வந்து அவுக்கட்டும்."

மழைக்காலங்கள் போயின. கட்டு அப்படியே கிடந்தது. அக்காவும் பூவும் பொட்டுமாகவே இருந்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசினார்கள்.

அவள் மகளுக்குப் பக்கத்து ஊரான தோணிரேவில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகையில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போடச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டார். அக்கா, வெறும் பெயர் போதும் என்றாள்.

"உசுரோட இருக்காருன்னா மேடைக்கு வரச் சொல்லுமா," என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். அந்த வார்த்தை இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. உண்மையைச் சொன்னால், அக்காமேல் அதைவிட அதிகமாகப் பொங்கியது. பெண் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அக்காவே கட்டுமரத்தடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். முடிச்சில் அவள் கை வைத்ததும் கயிறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவிழ்க்க அங்கே ஒன்றுமில்லை. மரங்களைப் புரட்டினேன். உள்பக்கமெல்லாம் மக்கிப் போயிருந்தது. நடுமரத்தின் நுனி மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

"இது எதுக்குனா ஆவுமாடா?"

அறுத்து எடுத்துப்போனேன். பஞ்சு மாதிரி மரம். சொட்டுச் சொட்டாகப் பசை ஊற்றி இறுகவைத்துத்தான் லேத்தில் மாட்ட முடிந்தது. அப்படியும் பாதி உதிர்ந்து, ஒரே ஒரு பேனா தேறியது.

அக்கா அதை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கோடு எப்பிடிடா வந்துச்சு?"

"ஈரத்தோட கட்டியே கெடந்துச்சில்லக்கா. அதான்."

"அவுத்துக் காயப் போட்டிருந்தா?"

"வந்திருக்காது."

அக்கா மகளைக் கூப்பிட்டு, அச்சுக்குக் கொடுக்க எழுதிவைத்திருந்த பத்திரிகையைக் கேட்டாள். தரையில் வைத்து, கணவரின் பெயருக்கு முன்னால் அந்தப் பேனாவால் எழுத்துக்கூட்டி எழுதினாள்: தெய்வத்திரு.

"எங்கிருந்தோ வந்து செத்த ஒல்லாந்தனுக்கெல்லாம் பேரு வெட்டின கல்லு கீது," என்றாள். "இவருக்கு இந்தக் காயிதம்தான்."

அதற்குப் பிறகுதான் அவள் முதல்முறையாக அவருக்காக அழுதாள்.