கீச்சுக்குரல் வந்தால் எண்பது

போன மாதம் மாங்காட்டில் ஒரு காதுகுத்து. மகன் தன் புதுக் காரில் அழைத்துப் போனான். ஆவடியிலிருந்து மாங்காட்டுக்கு ஊருக்குள் புகுந்து போனாலே போதும். ஆனால் புது வண்டிக்காரனுக்கு வெளிவட்டச் சாலை வேண்டும். ஏறிய கொஞ்ச நேரத்தில் வேகம் நூற்றுப்பத்து. அதையும் முன்னால் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடி மூடியிருந்தது, ஏ.சி. ஓடியது, மடியில் இருந்த சீர்ப் பையில் ஓர் எலுமிச்சம்பழம்கூட உருளவில்லை. இதற்குப் பெயர் வேகமா என்று கேட்க நினைத்தேன். வண்டிக்கு இன்னும் மாதத் தவணை கட்டுகிறவனிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

அப்போது அந்தப் பாட்டு வந்தது. எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது காலையும் மாலையும் கேட்ட காதல் பாட்டு. கேட்டதும் எனக்கு என்னவோ போலிருந்தது.

"யாருடா இது பாடுறது?"

"என்னப்பா, இவரைத் தெரியாதா?"

தெரியும், பெயரும் தெரியும். ஆனால் என் காதுக்கு அந்தப் பாட்டைப் பாடியவர் ஒரு பெண். கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னேன். அவன் சிக்னலில் நின்றபோது போனில் எதையோ தட்டி ஒன்றரை மடங்கு வேகம் வைத்தான். பாட்டு அவசரப்பட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஆம்பளை பாடுவது போலிருந்தது.

"கொரல் மாறணுமே?"

"இப்பல்லாம் மாறாதுப்பா. அதான் டெக்னாலஜி."

குரல் மாறிய காலத்தைப் பற்றி அவனிடம் சொல்ல ஆரம்பித்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தூங்கிவிடுவான். நீங்கள் நண்பர், கேட்பீர்கள்.

நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள். அப்பா கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து பாதுகாப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். எங்கள் வரிசையில் குடியிருந்த அத்தனை பேரும் நாட்டுக்கே டாங்கி செய்து கொடுப்பவர்கள். வீடு திரும்புவது மட்டும் சைக்கிளில். மாலைச் சங்கு ஊதியதும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வெளியே வரும். ஒன்றை ஒன்று முந்தாது. முந்தினால், முந்தப்பட்டவர் மேலதிகாரியாக இருந்து தொலைக்கலாம். வேகம் என்பது குடும்பத்துக்கு ஆகாத விஷயம் என்று நம்பிய அந்தக் காலனியில்தான் நான் வளர்ந்தேன்.

அதனால்தானோ என்னவோ, படிப்பு முடிந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பயிற்சியாளனாகச் சேர்ந்ததும், வேலையைவிட வேலைக்குப் போகிற வேன்தான் எனக்குப் பிடித்துப்போனது. ஆவடியிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து அமர்த்திய வேன் அது. டீசல் நாற்றமும் ரெக்ஸின் சீட்டின் சூடும் வியர்வையும், முன்னால் அம்மன் படத்துக்குப் போட்ட மல்லிகையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது டீசலோடு மல்லிகை கலந்து வந்தால் என் கை தானாக மேலே கம்பியைத் தேடும்.

ஓட்டியவர் கன்னியப்பன். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். ஆவடிக்காரர். அவருடைய தாத்தா கழனியில் கூலிவேலை செய்த இடத்தில்தான் பிற்பாடு தொழிற்சாலைகள் வந்தன. சட்டைக் காலரை மேலே தூக்கி, இடது கையை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்து ஓட்டுவார். வலது கை வெளியே தொங்கும். அந்தக் கைக்கு ஒரு வேலையும் கிடையாது, ஸ்டைல் மட்டும்தான்.

வண்டியில் வேகமானி செத்துப் போயிருந்தது. முள் பூஜ்யத்தில் படுத்தே கிடக்கும். டேப் ரெக்கார்டர் மட்டும் உயிரோடு இருந்தது, அதுவும் ஒரு கோளாறோடு. பாட்டரி வீக்காக இருந்ததால் யாரோ ஒரு மெக்கானிக் டேப்பை நேராக டைனமோவோடு இணைத்துவிட்டான். சாவியைத் திருப்பினால் பாட்டும் சேர்ந்து கிளம்பும். சத்தத்தைக் குறைக்கும் திருகு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. எஞ்சின் வேகமெடுத்தால் கேசட்டும் வேகமாகச் சுற்றும், எஞ்சின் தணிந்தால் கேசட்டும் தணியும்.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது அந்தக் காதல் பாட்டைக் கேட்க வேண்டும். காதலன் கிணற்றுக்குள் விழுந்து முனகுவான். பக்கத்தில் நிற்கும் சைக்கிள்காரர்கள் அனுதாபத்தோடு எங்களைப் பார்ப்பார்கள். கேட் திறக்கும். வண்டி நகர நகர அவன் மெல்ல எழுவான், திருமுல்லைவாயில் தாண்டும்போது வாலிபனாவான். அதற்கப்புறம் நேர் ரோடு. கன்னியப்பன் பெடலை மிதிக்க மிதிக்கக் குரல் மெலிந்து, உயர்ந்து, ஒரு கட்டத்தில் ஆம்பளைக் குரல் சுத்தமாகப் பொம்பளைக் குரலாகிவிடும். கூடப் பாடும் பாடகி அந்நேரம் கொசுவாகியிருப்பார்.

"பொம்பளை கொரலு வந்தா எண்பது நைனா. கண்ண மூடிக்கினு சொல்வேன்" என்பார் கன்னியப்பன்.

அவ்வளவுதான். எங்களுக்கு வேகமானி கிடைத்துவிட்டது. ஆவடிக்கும் எஸ்டேட்டுக்கும் பத்து கிலோமீட்டர், போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். எங்களில் மூன்று பேர் டிப்ளமோ, ஒருவர் பி.எஸ்ஸி. கணிதம். இந்த ஒரு கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. மாநகரப் பேருந்து எங்களை முந்திப் போகும் நாட்களில், "பஸ்காரன் இன்னைக்கி நூறுல போறான், இவனுக்கெல்லாம் யாரு லைசன்ஸ் குடுத்தது?" என்று ஸ்டோர் கீப்பர் ராமலிங்கம் சார் கோபப்படுவார். எங்களில் வயதில் பெரியவர் அவர், ஐம்பதைத் தாண்டியவர். ஏறும்போது திருநீறு பூசிக்கொண்டு "மெதுவா போப்பா" என்பார். கேட் தாண்டியதும் "என்னப்பா, இன்னும் பொம்பளை வரலை?" என்பதும் அவர்தான்.

ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்க, காற்று முகத்தில் அறைய, பாட்டு உச்சந்தலையில் அடிக்க, ஒன்பது பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பறப்போம். கம்பெனிக்குள் போனால் ஃபோர்மேன் எங்களைப் புழுவாகப் பார்ப்பார். அதற்கு முன்னால் அந்தக் கொஞ்ச நேரம் யாருக்கும் நாங்கள் அடிமையில்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போதும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

இந்தச் சந்தோஷத்தால் கன்னியப்பனின் கல்யாணம் நிற்கப் பார்த்தது. அதற்குக் காரணம் நான்.

மாங்காட்டில் பெண் பார்த்து முடிவாகும் நிலையில் இருந்தது. பெண் பெயர் செல்வி. கன்னியப்பன் ஒரே ஒரு தடவைதான் அவளைப் பார்த்திருந்தார். அதற்கப்புறம் வேனைத் தினமும் கழுவ ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் குவார்ட்டர்ஸ் டீக்கடையில் ஒருவர் என்னிடம் வந்து, "வேன் ஓட்டுற கன்னியப்பன், ஆளு எப்டி?" என்று விசாரித்தார். பெண் வீட்டு ஆள் என்று புரிந்தது. அண்ணனுக்கு நல்லது செய்ய இதைவிட ஒரு வாய்ப்பு வருமா?

"அவரா? எண்பதுக்குக் கொறஞ்சி ஓட்டுனதே இல்லீங்க. பஸ்காரனே ஒதுங்கிடுவான்!"

வந்தவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். பெண்ணின் சித்தப்பா அவர். பெண்ணின் அப்பா தணிகாசலம், ஐயப்பன்தாங்கல் டெப்போவில் முப்பது வருடமாகப் பஸ் ஓட்டுபவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் நாள் சொல்லி அனுப்பினார்கள்: பறக்குறவனுக்குப் பொண்ணு இல்ல.

கன்னியப்பன் அன்று வண்டியைக் கழுவவில்லை. என்னையும் திட்டவில்லை. "நீ இன்னா பொய்யா சொன்ன? உண்மையத்தான சொன்ன" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை ராமலிங்கம் சாரை இழுத்துக்கொண்டு மாங்காட்டுக்குப் போனேன். தணிகாசலம் எங்கள் கெஞ்சலைக் கடைசிவரை கேட்டார், பிறகு மூக்குப்பொடி டப்பாவைத் தட்டியபடி சொன்னார்.

"யாரும் எதுவும் சொல்லத் தேவல. நாளைக்கி எனக்கு லீவு. நானே வண்டில வந்து குந்திப் பாக்குறேன். அப்பால சொல்றேன்."

அன்று மாலையே ஒன்பது பேரும் கூடிப் பேசினோம். மறுநாள் மாட்டு வண்டி வேகத்தில் போவது. கம்பெனியில் லேட் போட்டால் போடட்டும். எனக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்புக் கோடு, மூன்றாவது விழுந்தால் நிரந்தரமாக்க மாட்டார்கள். ஆனாலும் சரி என்றேன். "அண்ணே, ஒரே ஒரு நாள். பொம்பளை கொரலு மட்டும் வந்துடக் கூடாது." கன்னியப்பன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தணிகாசலம் விடிந்ததும் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். ஏறும் முன் நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார். சாவி திரும்பியது, பாட்டும் கிளம்பியது. நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வண்டி நகர்ந்தது. கிணற்றுக்குள் விழுந்த காதலன் வழி நெடுக முனகிக்கொண்டே வந்தான். திருமுல்லைவாயிலில் ஒரு மாடு எங்களைத் தாண்டிப் போனது.

"இன்னாபா இது, எழவு ஊட்டு வண்டியா?" என்றார் தணிகாசலம். "நான் குந்திக்கீறேன்னு நடிக்காத. தெனம் எப்டி ஓட்டுவியோ அப்டி ஓட்டு."

கன்னியப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "போச்சு" என்று ராமலிங்கம் சார் முருகனைக் கூப்பிட்டார். நேர் ரோடு வந்தது. பெடல் தரையைத் தொட்டது. குரல் ஏறியது, மெலிந்தது, இதோ, பொம்பளை வந்துவிட்டாள்! கண்ணாடிகள் கடகடத்தன. ஒன்பது பேரும் பழக்கதோஷத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். எங்களை அறியாமல் ராமலிங்கம் சாரும் நானும் "ஹோ!" என்று கத்திவிட்டோம்.

தணிகாசலம் பொடி டப்பாவைத் திறந்தார். எண்பதில், திறந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து நிதானமாக மூக்கில் ஏற்றினார். சட்டையில் ஒரு துகள் சிந்தவில்லை. பால் கேன் கட்டிய ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போனது. அது போவதை அவர் பார்த்தார்.

"நாப்பது" என்றார்.

"மாமா, அது எண்பது" என்றார் கன்னியப்பன்.

"நாப்பது. முப்பது வருசமா குந்திக்கீற சீட்டுபா, எனக்குத் தெரியாதா? இந்த எறக்கத்துல வேணா நாப்பத்திரண்டு. நாப்பதுல போறதுக்கு இன்னாத்துக்கு இம்மாங் கத்தல்?"

வேனுக்குள் பாட்டு மட்டும் கீச்சுக்கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பி.எஸ்ஸி. கணிதம் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்டேட் கேட்டில் இறங்கியதும் தணிகாசலம் கன்னியப்பனின் தோளைத் தட்டினார். "தங்கமான புள்ள. என் பொண்ண கண்ண மூடிக்கினு குடுப்பேன்."

விடிந்ததுமே கிளம்பியிருந்ததால் எங்களுக்கு லேட் விழவில்லை. கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. ஆனால் கன்னியப்பனின் முகத்தைப் பார்த்தவர்கள் கல்யாணம் நின்றுபோனதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

கல்யாணத்துக்கு மாமனார் சீராகப் புது பாட்டரி வாங்கி, டேப்பையும் அதிலேயே இணைத்துக் கொடுத்தார், வேகமானியையும் பழுது பார்த்துக் கொடுத்தார். மனுஷனுக்கு அவ்வளவு நல்ல மனசு. அதற்கப்புறம் ஆம்பளை ஆம்பளையாகவே பாடினார். முள் நாற்பதில் நின்றது. கன்னியப்பன் எப்போதும் போலத்தான் ஓட்டினார், நாங்களும் எப்போதும் போல இருபத்தைந்து நிமிடத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். இருந்தாலும் வண்டி முன்போல இல்லை என்று இரண்டு பேர் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். அதில் ஒருவர் ராமலிங்கம் சார்.

இப்போது அந்த வேன் இல்லை. எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள், காதலன் முனகிய ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம். அந்தக் கேசட்டை யாராவது எங்காவது வைத்திருக்கலாம். ஆனால் நாங்கள் கேட்ட பாட்டு அதில் இல்லை. அதைப் பாட ஒரு வீக் பாட்டரியும் ஒன்பது முட்டாள்களும் வேண்டும்.

மாங்காட்டில் காதுகுத்து கன்னியப்பனின் சின்னப் பேத்திக்கு. அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வேட்டி சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வலது கை மட்டும் கைப்பிடிக்கு வெளியே தொங்கியது. சாப்பாட்டுக்கு அப்புறம் பெரிய பேத்தி என்னிடம் வந்து, "தாத்தா வேன் ஓட்டுனாராமே, ஃபாஸ்ட்டா போவாரா?" என்று கேட்டாள்.

"அவரா? நாப்பது!" என்று செல்வி சிரித்தார். "எங்கப்பா கூட குந்தி பாத்துட்டு வந்து சொன்னாரு. அத வெச்சிதான் என்ன கட்டியே குடுத்தாரு."

வீடே சிரித்தது. இந்தச் சிரிப்பு முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே நடக்கிறது என்று புரிந்தது. கன்னியப்பனும் சிரித்தார். பிறகு, அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தது போலவே என்னைப் பார்த்தார்.

"எண்பதும்மா" என்றேன் குழந்தையிடம். "நான் பின்னாடி உக்காந்திருந்தவன். உங்க தாத்தா எண்பதுக்குக் கொறஞ்சி ஓட்டுனதே இல்ல."

செல்வி என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது. கன்னியப்பன் சட்டைக் காலரை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எறக்கத்துல எண்பத்தஞ்சி" என்றார்.

சுவரில் சீரியல் லைட்டுக்கு நடுவே மாமனார் தணிகாசலத்தின் போட்டோ. அவர் ஒன்றும் சொல்லவில்லை.