வத்தல்மலையில் சப்பாத்தி

காலை ஏழரைக்குத் தர்மபுரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். நல்ல பசி. எதிர்க்கடைக் கல்லில் பரோட்டா புரண்டுகொண்டிருந்தது. எனக்குக் கோதுமை ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகி மூன்று நாள் படுக்கைதான். ரவை, மைதா, சேமியா எல்லாம் விலக்கு. கடைப் பெருங்காயத்தில் மைதா கலப்பார்கள் என்பதால் சாம்பாரும் சந்தேகக் கேஸ். பதினாறு ரூபாய்க்கு இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு வத்தல்மலை பஸ்ஸில் ஏறினேன்.

மூன்று வருடமாக நான் யார் வீட்டிலும் கை நனைத்ததில்லை. எங்கே போனாலும் டிபன் பாக்ஸ்தான். கோயம்புத்தூரில் சொந்தக்காரர்கள் அழைப்பதே குறைந்துவிட்டது. "வந்தாலும் நீ சாப்பிட மாட்டியே" என்கிறாள் தங்கை. அது வலிக்கத்தான் செய்கிறது. ஆகவே இந்தத் தடவை வேண்டுமென்றே டிபன் பாக்ஸ் இல்லாமல் கிளம்பினேன். மலையில் சாமையும் ராகியும் விளைகிறது, எனக்கென்ன பயம்?

தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முக்கி முனகித்தான் ஏறியது.

"யாரு வூட்டுக்குங்க?" என்றார் கண்டக்டர்.

"மாதையன் வீட்டுக்கு."

"அதான் நேத்து பை நெறைய சாமான் வாங்கிட்டு வந்தாருங்களா!"

எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்பதரை மணிக்கு மாதையன் நிறுத்தத்துக்கே வந்து அழைத்துப் போனார். என் அலுவலகத்தில் ஓட்டுநராக இருந்தவர். இப்போது மலையில் காப்பியும் சாமையும் பயிரிடுகிறார். வீட்டில் அவர் மனைவி லட்சுமி என்னை உட்காரவைத்து, தட்டை முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு போல எட்டுச் சப்பாத்திகள்.

"டயட்டுல இருக்கறேன்னு போன்ல சொன்னீங்களாமா. இவரு நேத்தே தர்மபுரி போயி கோதும மாவு வாங்கியாந்தாருங்க."

நம் நாட்டில் டயட் என்றால் சப்பாத்திதானே! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விஷயத்தை உடைத்துச் சொன்னேன். லட்சுமியின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப எங்க வூட்ல ஒண்ணுமே சாப்புட மாட்டீங்களாக்கா?"

"அடுப்பில் என்ன இருக்கு?"

"அது எங்களுக்குங்க, ராகிக் களி. வந்தவங்களுக்குக் களியப் போட்டா ஊரு சிரிக்காதுங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். மாவு எங்கே அரைச்சது?"

"கீழ மில்லுலதாங்க."

போச்சு. அதே இயந்திரத்தில் முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். வேறு நாளாக இருந்தால் "பசியில்லை" என்று சொல்லி எழுந்திருப்பேன். அன்று எழ மனமில்லை.

"நான் இங்கே சாப்பிட்டே ஆகணும், லட்சுமி. அரைக்காத தானியம் ஏதாவது இருக்கா?"

"சாமை இருக்குதுங்களே! நம்ம காட்டுது, வூட்லயே குத்துனது."

"குழம்புக்குப் பெருங்காயம்?"

"அதெல்லாம் பழக்கமில்லீங்க. பூண்டுதான்."

உலை வைக்கப் போனவர் சட்டென்று நின்று, "கையில மாவு ஒட்டியிருக்குமேங்க" என்று முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். பாத்திரத்தையும் இன்னொரு தடவை கழுவினார். நான் சொல்லவேயில்லை.

பதினொன்றரைக்கு இலை விழுந்தது. உதிரி உதிரியாகச் சாமைச் சோறு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்க அவரைக்கொட்டைக் குழம்பு, ஓரத்தில் நெய். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பத்தியச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவேன். மாதையனும் இரண்டு மகள்களும் சப்பாத்தியில் சர்க்கரை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லவேளைங்க, உங்களுக்கு ஆவல" என்றார் மாதையன். லட்சுமி அவரை முறைத்தார்.

நாலு மணி பஸ்ஸில் இறங்கித் தர்மபுரியில் அறுநூறு ரூபாய் அறையில் தங்கினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு விழித்து, வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் பசித்தது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

எங்கள் ஊரிலும் சாமை கிடைக்கிறது, பூண்டு கிடைக்கிறது. அங்கே நான் "அது வேண்டாம், இது வேண்டாம்" என்றே சொல்லிப் பழகியிருக்கிறேன். இது வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. தங்கைக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வரேன். சாமைச் சோறு, பூண்டுக் குழம்பு. பெருங்காயம் கூடாது."

"சரிக்கா, உனக்கு மட்டும் தனியா வச்சிடறேன்" என்றாள்.

"தனியா எதுக்குடி? எல்லாருக்கும் வை. பத்தலேன்னு சண்டை போடுவாங்க, பாரு!"