நைனா நம்பிய பெட்டி

செஞ்சியில் பொழுது இரண்டு தடவை சாயும். முதலில் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். எங்கள் தெரு முழுக்க நிழல் விழுந்துவிடும். நிஜமான அஸ்தமனம் அதற்கு வெகுநேரம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம், எங்களுக்குத் தெரியாமல் நடக்கும். ஊரில் மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நாங்கள் ஜைனர்கள். பொழுது போன பிறகு வாயில் ஒரு பருக்கை வைக்கக்கூடாது. அதனால் எங்கள் வீட்டில் அந்த இடைவெளி பெரிய வழக்காகவே இருந்தது.

நைனா, அதாவது என் அப்பா, நெல் வியாபாரம் பார்த்தவர். மண்டியிலிருந்து வீடு திரும்பும்போது மலை கருத்திருந்தால் போதும், "பொழுது போயிடுச்சி, வேணாம்" என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிடுவார். போகவில்லை என்று அம்மா சொல்லிப் பார்ப்பாள். யார் கேட்டது?

நான் கல்லூரியில் படித்தபோது, லண்டனிலிருந்து வந்த சித்தப்பா ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் என்றால் வெறும் கீபோர்டு, அவ்வளவுதான். டிவியின் ஏரியல் ஓட்டையில் செருகினால் படம் வரும், டேப்ரிக்கார்டரில் கேசட் போட்டால் புரோகிராம் ஏறும். அதில் நான் நைனாவுக்காக ஒரு கணக்கு எழுதினேன். தேதியும் மணியும் தட்டினால், அஸ்தமனத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று சொல்லும். கணக்கைச் சரிபார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் நைனாவும் நானும் பனமலை ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வோம். அங்கே சூரியன் மறைப்பில்லாமல் இறங்கும். அவர் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கணக்கு சரியாக வந்த அன்று நைனா என் தலையைத் தட்டி, "சரியா சொல்லுது, இனிமே இதான்" என்றார். அந்தக் கம்ப்யூட்டர் அவருக்குப் பெட்டி. அன்றிலிருந்து பெட்டி சொன்னால் சாப்பிடுவார்.

நான் கல்யாணமாகிப் போனபோது அம்மா அந்தப் பெட்டியை இயக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா போன பிறகு, ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் நைனாவோடு வந்து தங்கினேன். பெட்டியை இயக்கும் வேலை மறுபடி என்னிடம் வந்தது. கேசட் எப்போதோ தேய்ந்துவிட்டது. புரோகிராம் அதில் வெறும் கீச்சுச் சத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சத்தத்தை முன்னமே போனில் பதிவு செய்து வைத்திருந்ததால், போனிலிருந்தே பெட்டிக்கு ஏற்றிவிடுவேன். ஆனால் அதே போன் சொல்கிற அஸ்தமன நேரத்தை நைனா நம்பமாட்டார். "அதுல நேத்து மழன்னு போட்டான். வந்துச்சா?" என்பார்.

இந்த வருஷம் பழைய டிவி புகைந்து செத்துப்போனது. கடைக்காரர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பேர் கெடைக்காது டீச்சர், புதுசு வாங்கிடுங்க" என்றார். தட்டை டிவி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினோம். பெட்டியின் ஒயரை அதில் செருகினேன். சிக்னல் இல்லை என்றது.

அதுதான் சங்கடம். நைனாவுக்குச் சர்க்கரை வியாதி. ஐந்து மணிக்கு மாத்திரை போட்டால் அதன்மேல் சாப்பாடு விழுந்தே ஆகவேண்டும். நாலு மணிக்கே தட்டு வைத்தால் பசிக்கவில்லை என்பார். மாத்திரை போட்ட பிறகுதான் பசி வரும், அதற்குள் மலை சூரியனை வாங்கிக்கொண்டுவிடும். கண்ணில் வேறு புரை. அவருக்கு எல்லாப் பொழுதும் சீக்கிரமே இருட்டியது. டிவி போன மறுநாள் சாப்பிடாமல் படுத்தார். விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, என் பெயரையே மறந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதும்தான் தெளிந்தார். "இன்னொரு வாட்டி இப்டி ஆனா என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அவரை இழக்க எனக்குத் தைரியம் இல்லை.

"அதான் பொட்டி இருக்குதே, அத போடு" என்று நைனா மட்டும் நிம்மதியாக இருந்தார்.

பழைய டிவி நல்ல மனசுக்காரி. பாதிப் படம் கொடுத்தாலும், புள்ளியும் கோடுமாகக் கொடுத்தாலும், வந்ததைக் காட்டும். புது டிவிக்கு மரியாதை வேண்டும். தானாகச் சேனல் தேடச் சொன்னால் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டது. நானே ஒவ்வொரு சேனலாக நகர்த்திப் போனதில் ஓரிடத்தில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துப் பார்ப்பதற்குள், இதெல்லாம் ஒரு படமா என்பதுபோல, முழுக்க நீலமாக்கி மூடிவிட்டது. ரிமோட்டைத் தூக்கி எறியலாமா என்று வந்தது எனக்கு.

அன்றைக்கே இணையத்தில் தேடிப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறது. அதுதான் படத்தை ஏரியலுக்கு ஏற்ற அலையாக மாற்றுகிறது. அந்த டப்பாவுக்குள் போவதற்கு முன்னாலேயே படத்தைப் பிடித்து, டிவியின் வீடியோ ஓட்டைக்குக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றிருந்தது. ஒரே ஒரு ஒயரைப் பற்றவைக்கிற வேலை. பஜாரில் செல்போன் கடையில் சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கிவந்து, மத்தியானம் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அதன் வயிற்றைப் பார்த்தது அன்றுதான். ஒயர் ஒட்டும், விட்டுவிடும். மறுபடி ஒட்டும். நடுவில் கரண்ட் போய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. நைனா ஐந்து மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எதிரில் நாற்காலியில் காத்திருந்தார். சோறும் சாம்பாரும் மூடி வைத்திருந்தேன்.

மலை கருத்தது. "இப்பவே சாப்டுங்க நைனா, இன்னும் நேரம் இருக்குது" என்றேன்.

"பொட்டி சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

ஒருவழியாக ஒயர் நின்றது. டிவியோடு வந்த ஒயரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை. இணையத்தில் எல்லாரும் சொன்னபடி மஞ்சளில் செருகினேன், வெறும் கருப்பு. பிரித்து, பார்த்து, திரும்ப ஒட்டி, அரைமணி நேரம் அழாத குறை. கடைசியில் எரிச்சலில் சிவப்பில் செருகினேன். பளிச்சென்று படம் வந்தது! அந்த டிவிக்காரன் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான், பாவி. எழுத்து முன்னைவிடக் கூர்மையாக, சுவர் அகலத்துக்குக் கொஞ்சம் பருத்துத் தெரிந்தது. போனிலிருந்து புரோகிராமை ஏற்றினேன். தேதி கேட்டது, கொடுத்தேன். மணி கேட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன். நிஜமான பொழுதும் போய்விட்டிருந்தது.

அந்தக் காலத்துப் பெட்டிக்குத் தனியாக மணி தெரியாது. நாம் என்ன தட்டுகிறோமோ அதுதான் அதற்கு மணி. நைனாவின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் லேசாக வியர்க்கத் தொடங்கியிருந்தது. முக்கால் மணி நேரத்தைக் குறைத்துத் தட்டினேன்.

சாப்பிடலாம் என்று வந்தது. ஆங்கில எழுத்தில் அன்று நான் எழுதிய தமிழ்.

"இன்னா சொல்லுது?"

"சாப்டலாம்னு சொல்லுது நைனா."

கொஞ்ச நேரம் திரையின் வெளிச்சத்தையே பார்த்தார். பிறகு, "சரி, போடு" என்றார். நிதானமாக, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் எப்போதும்போல் சுவாமி அறையில் உட்கார்ந்தார். அன்றைக்குச் செய்த குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அவருக்குக் காது மந்தம். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொல்வார். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். எறும்பை மிதித்தது, வேலைக்காரம்மாவிடம் கோபப்பட்டது எல்லாம் சொன்னார். கடைசியாக இதைச் சொன்னார்.

"பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சாயங்கால பாங்கு சொன்னது என் காதுல வுயுந்துச்சி. பொழுது போனது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சாப்ட்டேன். கொழந்த பயந்து போயிருக்குது. அந்தப் பாவம் அது மேல வேணாம், என் மேலயே இருக்கட்டும்."

குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். அறுபது வயதுக் குழந்தை, அழுதுகொண்டு.

மறுநாள் மலைக்குப் பின்னால் சூரியன் போனதும் பெட்டியைப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி தட்டினேன். சாப்பிடலாம் என்று வந்தது. படித்துச் சொல்ல வாயெடுத்தேன். நைனா திரைப் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.