கங்காணி கடைசியாக நடந்த நாள்

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஈப்போ நகருக்கு வெளியே எங்கள் ரப்பர் தோட்டத்தில், கங்காணி என்றால் பிரம்போடு ஆட்களுக்குப் பின்னால் நடப்பவர். புதிதாக வந்த மாரிமுத்துக் கங்காணி மட்டும் முன்னால் நடந்தார். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்ததும் காட்டுக்குள் முதலில் நுழைவது அவர்தான். "பிரம்பில்லாத கங்காணிக்கு யாரு பயப்படுவாங்க?" என்று நாங்களே சிரித்தோம்.

அன்று ஓடையோர மரங்களில் பால்வெட்டு. பனி மூடியிருந்தது. ஒரு குரங்குகூடக் கத்தவில்லை. கங்காணி சட்டென்று நின்றார். ஈரமண்ணில் புலியின் காலடி. அதில் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

"யாரும் ஓடாதீங்க. வந்த வழியே மெதுவா போலாம்."

"வேலையை விட்டா துரை ஏசுவாரே அண்ணே?" என்றேன்.

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ நட."

நாங்கள் திரும்பியதும், முன்னால் நின்றவர் கடைசி ஆளானார். பக்கத்துப் புதர் எங்களோடு கூடவே அசைந்து வந்தது. "நான் இருக்கேன், நடங்க" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தடவை அந்தக் குரல் நின்றது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு மறுபடி கேட்டது.

எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்ததும் தண்ணீர் கொடுத்தோம். குவளையை அவரால் பிடிக்க முடியவில்லை.

இப்போது நானும் கங்காணி. பிரம்பு எடுத்ததில்லை. முன்னால் நடப்பது பழகிவிட்டது. ஆட்களை அனுப்பிவிட்டுக் கடைசியாகத் திரும்பும்போதுதான் முதுகு சில்லிடுகிறது. அப்போது நானும் "நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறேன். அன்று அவர் அதை எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை.