பாதி முட்டை

நேற்று ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் உள்ள என் வீட்டில் சீனத் தேநீர் முட்டை செய்தேன். வெந்த முட்டையைக் கரண்டியால் தட்டி ஓட்டில் விரிசல் விடும்போது, அந்தச் சத்தத்தில் பெரியம்மா வீட்டு அடுக்களை ஞாபகம் வந்தது.

அம்மா செத்த பிறகு அங்கேதான் வளர்ந்தேன். பெரியம்மா பெற்ற அண்ணன்களுக்கு முழு முட்டை. எனக்கு மட்டும் தையல் நூலால் அறுத்துப் பாதி. அதிலும் மஞ்சள் கருவை நோண்டி எடுத்துவிட்டு, "பொட்டப்புள்ளைக்கு இது போதும்" என்பாள் பெரியம்மா.

மகனைப் பார்க்க ஆக்லாந்து வந்திருக்கும் பெரியம்மா இன்று என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். சோயா சாஸ், தேயிலை, அன்னாசிப்பூவில் ஊறிய முட்டை.

"வாசனை தூக்குதடி!"

என் மகளுக்கு முழுசாக இரண்டு வைத்தேன். பெரியம்மாவுக்கு நூலால் அறுத்துப் பாதி. மஞ்சள் கருவை அவள் கண் முன்னாலேயே நோண்டி எடுத்தேன்.

"என்னடி இது?"

"பொட்டப்புள்ளைக்கு இது போதும், பெரியம்மா."