ஓலையில் வாசித்த பெயர்

அந்த ஆள் எங்களை விட்டுப் போனபோது நான் கைக்குழந்தை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை அவனுக்கு. வெளியூரில் கூலி ஜாஸ்தி என்று சொல்லிப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். பெற்ற தகப்பனை அவன் இவன் என்று எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். உறுத்தட்டும். முகமே தெரியாத ஆளுக்கு நான் எங்கிருந்து மரியாதை கொண்டுவருவது?

அம்மாவும் அதே கம்பெனியில்தான் தையல் பிரிவில் இருந்தாள். கோர்ட்டுக்கு நடையாய் நடந்து விவாகரத்து வாங்கினாள். என் வளர்ப்புக்கு அவன் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று உத்தரவும் வாங்கினாள். உத்தரவு கிடைத்தது, பணம் வரவில்லை. நோட்டீஸ் போகும், அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வரும். தோல் வெட்டத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. கம்பெனி மாறிக்கொண்டே இருந்தான்.

எனக்கு ஐந்து வயதானபோது அம்மா நைனாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். நைனா என்று கூப்பிட யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் கூப்பிட்டேன். தோல் பதனிடும் டேனரியில், சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிற வேலை அவருக்கு. விரல் நுனிகள் வெந்து உரிந்திருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று அவர் ஸ்பூனால் சாப்பிடுவார். எனக்கு மட்டும் கையால் பிசைந்து ஊட்டுவார். கண் கலங்கும். ஏன் என்று கேட்டால், காரம் ஜாஸ்தி என்பார். எனக்கு ஏன் காரம் தெரியவில்லை என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை.

அடுத்த வருஷம் வாரண்டில் அந்த ஆள் ஒருவழியாகப் பிடிபட்டான். அவனுடைய அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து சமாதானம் பேசினார். பாக்கியைக் கட்டட்டும், இனிமேல் மாதாமாதமும் தரட்டும் என்றாள் அம்மா. நைனாதான் குறுக்கே விழுந்தார்.

"அவன் காசு எம்பொண்ணுக்கு இன்னாத்துக்கு? ஒண்ணும் வேணாம். கொழந்தைய எனக்குத் தத்து குடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவட்டும்."

கோர்ட் வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த ஒருவர் முத்திரைத்தாளில் அப்படியே அடித்துக் கொடுத்தார். அந்த ஆள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். நைனாவிடமே பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டானாம். அம்மா வழக்கை வாபஸ் வாங்கினாள். நைனா அந்தத் தாளை லைனிங் தோல் துண்டில் சுற்றி ரேஷன் கார்டோடு வைத்தார். பள்ளியில் அப்பா பெயர் என்ற இடத்தில் தன் பெயரைக் கொடுத்தார். பிளஸ் டூ வரை எல்லாச் சான்றிதழிலும் அதுதான். காரியம் முடிந்தது என்று மூன்று பேரும் நம்பினோம். ஒரு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் வக்கீல் என்றாலே அம்மாவுக்குப் பேஜார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, எனக்கு இருபது தாண்டியதும், ராணிப்பேட்டையிலிருந்து வரன் வந்தது. நைனாவை என் அப்பா என்றே அவர்களிடம் சொன்னோம். பொய் சொல்கிறோம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் கிறிஸ்தவச் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை இருந்தால் சொல்லலாம் என்று மாப்பிள்ளையின் கோயிலிலும் பெண்ணின் கோயிலிலும் அறிவிப்பார்கள். அந்த ஞாயிறுக்காகவே நைனா ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

"டேனரிக்காரன் பேரை மைக்ல சொல்லப்போறாங்க. ஊரே கேக்கும்" என்று தையற்கடையில் சொல்லியிருக்கிறார்.

ஓலைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போதகர் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அதில் அந்த ஆளின் பெயர் இருந்தது. நைனா வீட்டுக்கு ஓடிப்போய் முத்திரைத்தாளை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தார். போதகர் பொறுமையாகக் கடைசி வரி வரை படித்தார்.

"நீங்க வளத்தது எனக்குத் தெரியாதா? ஆனா நம்ம கிறிஸ்தவங்களுக்குத் தத்து எடுக்க சட்டமே இல்லீங்களே. இந்துக்களுக்கு இருக்குது, அது நமக்கு ஆவாது. இது வெறும் தாளுதான். பதிவேட்டுல இருக்கிற பேரைத்தான் நான் வாசிக்க முடியும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "காசும் போச்சு, பேரும் போச்சு" என்றாள். நைனா முத்திரைத்தாளை மறுபடியும் தோல் துண்டில் சுற்றி வைத்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. காசு வேண்டாம் என்ற அந்த வீம்பு மட்டும் இல்லாவிட்டால் நான் நர்ஸிங்காவது படித்திருப்பேன் என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்காக இன்றும் கூசுகிறேன்.

முதல் ஞாயிறு இரண்டு கோயிலிலும் அந்த ஆளின் பெயர்தான் ஒலித்தது. திங்கட்கிழமையே மாப்பிள்ளையின் அப்பா வந்துவிட்டார்.

"பொண்ணோட அப்பா எங்க ஊர்லதான், நாலு தெரு தள்ளி இருக்கிறாராமே. கோயில்ல பத்து பேர் கேட்டுட்டாங்க. எங்களுக்கு ரொம்ப அசிங்கமாப் போச்சுங்க."

கல்யாணத்தை நிறுத்த வரவில்லை என்றார். ஆனால் ஓலையில் பெயர் வந்த மனிதர்தான் பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துவர வேண்டும், இல்லாவிட்டால் தன் சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, இந்த இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் இப்போது நைனாவும் இல்லை.

"நானே போய்க் கூப்புடறேங்க. கொழந்த கல்யாணம் நிக்கக்கூடாது" என்றார் நைனா. பஸ் ஏறிப் போய் அழைக்கவும் செய்தார்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் அந்த ஆளை முதல்முதலாகப் பார்த்தேன். என் மூக்கு அவன் முகத்தில் இருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பாதி தூரத்தில் தாழ்ந்த குரலில், "இன்னாம்மா படிச்சிருக்கற?" என்று கேட்டான். "பிளஸ் டூ" என்றேன். அப்பனும் மகளும் வாழ்நாளில் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். நைனா புதுச் சட்டையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து புறப்படும் நேரம். பந்தல் ஓரத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நைனா நின்றிருந்தார். போய்க் கையைப் பிடித்தேன். "நைனா, வர்றேன்" என்றேன்.

அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை.

"உங்க அப்பா அங்க நிக்கிறாரு பாரு. மாப்ள வூட்டாரு பாக்கறாங்க. மொதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு வாம்மா."

நானும் போய்ச் சொன்னேன். நைனாவிடம் திரும்பி வருவதற்குள் காரில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.